வாய்க்காலுக்காக ஒரு கிராம சபைத் தீர்மானம்: கடைமடை ஊர்களுக்கான வழிமுறை

சட்டமன்றம் இயற்றும் சட்டத்தை மக்களே வாக்களித்து ஏற்கவோ மறுக்கவோ நம் நாட்டில் வழியில்லை. ஆயினும், பிரதிநிதி எவரும் இடையில் நில்லாமல் ஊர் மக்களே கூடித் தீர்மானிக்கும் மன்றம் ஒன்றுண்டு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தந்த கிராம சபைதான் அது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. வாய்க்காலைத் தூர்வாரக் கேட்டுத் தீர்மானம் போட, காவிரி டெல்டாவில் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது என்பதே முதல் கேள்வி. ஜனவரி இறுதியில் சம்பா அறுவடை நடக்கும். நெல்லைக் களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் போட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருவோர் குறைவு. மே மாதத்தில் கேட்டாலோ, வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்காக மேட்டூர் அணை திறப்பதற்குள் மதிப்பீடு போட்டு, பணி ஒதுக்கி, மண் எடுத்து முடிப்பது அரிது. ஆகவே தூர்வாரும் கோரிக்கைக்கு மார்ச் 22ஆம் நாளே ஏற்றது என்பது என் கருத்து.

அன்று போதிய எண்ணிக்கையில் ஆட்களைத் திரட்ட வேண்டும். மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும்.

தீர்மானத்தின் வாசகத்தில்தான் பெரும்பாலான ஊர்கள் தோற்கின்றன. எங்கள் ஊரில் ஒருமுறை வாய்க்கால் தூர்ந்து கிடப்பதைப் பலரும் மனம் நொந்து பேசினோம். பதிவேட்டிலோ "நீர்நிலைகளைப் பராமரிக்க வேண்டும்" என்ற ஒரே வரி ஏறியது. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த அலுவலரிடமும் எதையும் கேட்க முடியவில்லை, அவ்வாண்டு வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயல்களுக்குத் தண்ணீரும் வரவில்லை. எனவே வாசகத்தை முன்கூட்டியே நீங்களே எழுதி, கூட்டத்துக்கு முன்பாகத் தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் கொடுத்துவிடுங்கள். தலைவர் பதவியில் இல்லாத காலமானால் தனி அலுவலரிடம் கொடுக்கலாம். ஊரில் வழங்கும் வாய்க்காலின் பெயர், கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்த புல எண் (சர்வே எண்), எந்த மதகிலிருந்து எதுவரை என்ற நீளம், பாசனம் பெறும் ஏக்கர், பணி முடிய வேண்டிய தேதி ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத்துறையின் பொறுப்பு. வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் சிறிய கிளை வாய்க்கால்களான சி, டி பிரிவு வாய்க்கால்களைத் தூர்வாரும் பணியை வேளாண்மைப் பொறியியல் துறை மேற்கொள்கிறது. தவறான துறைக்கு அனுப்பினால் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

கூட்டத்தில் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். உள்ளே நுழையும்போதே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். வயலில் நடவு நடும் பெண்களுக்கு எந்த வயல் காய்கிறது என்பது நன்றாகத் தெரியும் என்பதால், அவர்களை முன்வரிசையில் அமர்த்திப் பேசச் சொல்லுங்கள்.

தீர்மான நகல் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் உரிய துறைக்கும் அனுப்பி, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுங்கள். அங்கும் அசைவில்லையென்றால் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு எழுதலாம். ஊர்த் தீர்மானங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: நிலத்தடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராக டெல்டா ஊராட்சிகள் பல தீர்மானம் இயற்றின. நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்குப் பின், 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

அடுத்த சபை கூடும்போது, முந்தைய தீர்மானத்தின் எண்ணையும் நாளையும் சொல்லி, எடுத்த நடவடிக்கையை வாசிக்கக் கேளுங்கள். வந்த பதிலையும் அன்றைய பதிவேட்டிலேயே எழுதச் செய்யுங்கள்.