ஆங்கிலம் பழகும் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தருபவர்களுக்கு

அமெரிக்கப் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு கோடிங் எடுப்பவர்கள், வண்ணக் கட்டங்களை அடுக்கிப் புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச்சில் இதைச் செய்து பாருங்கள். மேலே செட்டிங்ஸில் மொழியை ஸ்பானிஷுக்கு மாற்றி, பூனையை நடக்கவைக்கும் சின்ன புரோகிராமை முதலில் அவர்கள் மொழியிலேயே முடிக்க விடுங்கள். அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றினால் 'மோவெர் 10 பாசோஸ்' என்றிருந்த அதே நீலக் கட்டம் 'மூவ் 10 ஸ்டெப்ஸ்' ஆகிவிடும், நிறமும் இடமும் அப்படியே இருக்கும், புரோகிராமும் முன்பு போலவே ஓடும், தான் செய்தது என்பதால் பிள்ளைக்கு அர்த்தம் உடனே பிடிபடும். ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்து, அது என்ன செய்கிறது என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் இலக்கணத்தைத் திருத்தவே வேண்டாம். ஒன்று மட்டும், பிள்ளைகள் தாங்களே வேரியபிளுக்கு (புரோகிராமில் ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் இடம்) வைத்த பெயர் மொழியை மாற்றினாலும் மாறாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.