எல்லையோரத்தில் குடியிருப்போர் கைத்துப்பாக்கி வாங்குமுன் அறிய வேண்டிய சட்டமும் செலவும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளில் வீடும், பொள்ளாச்சிப் பக்கம் தோப்பும் வியாபாரமுமாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. தேங்காய் விற்ற பணத்தோடு இரவில் திரும்ப வேண்டியிருப்பவர்களும், அக்கம்பக்கம் வீடில்லாத தோட்டத்துச் சாளையில் தங்குபவர்களும் கைத்துப்பாக்கி பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது விலையைத்தான். ஆனால் இங்கே வாழ்பவர் விலைக்கு முன்பாகத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, அந்த ஆயுதம் எந்த எல்லை வரை தம்மோடு வரலாம் என்பதே.

அதற்கும் முன்னால், உங்களுக்குத் தேவை கைத்துப்பாக்கிதானா என்று பாருங்கள். காட்டுப்பன்றி தோட்டத்தை அழிக்கிறது என்பது காரணமானால் ரிவால்வர் அதற்கு உதவாது. சட்டமும் அந்த வழியில் உங்களை அனுப்பவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான நீளத் துப்பாக்கியையும், பயிர்க்காவலுக்கு குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் தனியே வைத்து, அவற்றுக்கு உரிமம் கிடைப்பதை எளிதாக்கியிருக்கிறது. கைத்துப்பாக்கிக்கோ, விண்ணப்பதாரரிடம் தக்க காரணம் இருப்பதாக உரிமம் வழங்கும் அதிகாரி மனநிறைவு கொள்ள வேண்டும். கேரளத்தில் 2022 முதல் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் இருப்பதால், பயிர்ச் சேதத்துக்கு அந்த வழியை நாடுவதே முறை.

கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்றால், நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏ-1 படிவத்துடன் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, பத்திரமாகப் பூட்டி வைப்பதற்கான உறுதிமொழி ஆகியவை வேண்டும். எல்லாவற்றிலும் எடை கூடியது, ஏன் வேண்டும் என்று நீங்கள் எழுதும் காரணமே. "உயிருக்கு ஆபத்து" என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எந்தப் பாதையில், எந்த நேரத்தில், எவ்வளவு பணத்துடன் செல்கிறீர்கள், முன்பு மிரட்டலோ கொள்ளை முயற்சியோ நடந்து புகார் கொடுத்திருந்தால் அதன் எண் என்ன என்பதை விவரமாக எழுதி நகல்களை இணையுங்கள். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுடன் தமிழிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. ஆகவே இணைப்புக் கடிதம் தமிழில் இருப்பதில் தவறில்லை.

விண்ணப்பதாரரை விசாரித்துக் காவல்துறை தரும் அறிக்கை 30 நாட்களுக்குள் வர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணித் திட்டமிடுவது நல்லது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி உரிமத்தை மறுக்க முடியாது என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. சிறு விவசாயிகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பட்டாவின் அளவைக் கண்டு அவர்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமம் கைக்கு வந்ததும் பலர் பெயரையும் புகைப்படத்தையும் சரிபார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதில் "செல்லுபடியாகும் பகுதி" என்று ஒரு கட்டம் இருக்கும். பாலக்காடு மாவட்டம் என்றோ கேரள மாநிலம் என்றோ அங்கே எழுதியிருந்தால், வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம் சோதனைச்சாவடிகளுக்கு அப்பால் அந்த உரிமம் உங்களைக் காப்பாற்றாது. தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது 2 கிலோமீட்டர்தான் என்ற வாதம் அங்கே எடுபடாது. எனவே தமிழ்நாட்டிலும் செல்லுபடியாக வேண்டும் என்ற கோரிக்கையை, அங்குள்ள நிலத்தின் பட்டா, சிட்டா, வியாபார ஆவணங்களுடன் முதல் விண்ணப்பத்திலேயே வையுங்கள். அது கிடைக்காவிட்டால், எல்லை தாண்டும் நாட்களில் ஆயுதத்தை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். அப்படியானால் அதை வாங்குவதே அவசியமா என்று பணம் கட்டும் முன்பே யோசித்துக்கொள்ளலாம்.

இனி விலை. பொதுமக்கள் வாங்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 போர் (குழலின் உள்விட்ட அளவு, அங்குலத்தில்) வகையே; 9 மில்லிமீட்டர், .38 போன்றவை சாதாரண விண்ணப்பதாரருக்கு உரியவை அல்ல. 2021இல் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகு, கான்பூரில் தலைமையகம் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனம் இவற்றைத் தயாரிக்கிறது. திருச்சி தொழிற்சாலையும் அதன் கீழ்தான் வருகிறது. பெண்களுக்கென 2014இல் வெளிவந்த 'நிர்பீக்' ரிவால்வரின் விலை அப்போதே 1,22,360 ரூபாய். கைத்துப்பாக்கிக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காடாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாகிவிட்டது. அடிப்படை விலை ஒரு லட்சம் என்றால் முன்பு 1,28,000 ரூபாயில் முடிந்தது இப்போது 1,40,000 ஆகும். ஆகவே பழைய விலைப்பட்டியலை நம்பிப் பணம் திரட்டாதீர்கள். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர் இறக்குமதி செய்வது 1980களில் நிறுத்தப்பட்டதால், முன்பே நாட்டுக்குள் வந்த பழைய ரிவால்வர்கள் தகுதிக்கு மீறிய விலைக்குக் கைமாறுகின்றன. அந்தப் பெருமைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் கிடைக்காத ஆயுதம் ஆபத்தானது.

உரிமக் கட்டணம் துப்பாக்கி விலையோடு ஒப்பிட்டால் சொற்பமே. சுவரிலோ தரையிலோ பதித்த இரும்புப் பெட்டகம், பயிற்சிக் கட்டணம், தோட்டாக்கள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், வெளியூர் செல்லும் காலங்களில் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்தால் அதற்கான காப்புக் கட்டணம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் எத்தனை தோட்டா, ஆண்டுக்கு எத்தனை என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

கடையில் ஆயுதத்தைக் கையில் வாங்கியதும், உலோகத்தில் பொறித்த எண்ணை ஓர் இலக்கம் விடாமல் வாய்விட்டுப் படித்து ரசீதோடும் உரிமப் பதிவோடும் ஒப்பிடுங்கள். எண் அழிந்தோ சுரண்டப்பட்டோ இருக்கும் ஆயுதத்தை வைத்திருப்பது ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி குற்றம். .32 ரிவால்வருக்கும் .32 பிஸ்டலுக்கும் தோட்டா ஒன்றல்ல என்பதையும் அங்கேயே கேட்டு உறுதி செய்யுங்கள். மலையடிவாரங்களில் யாராவது உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னால் பேச்சையே வளர்க்காதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குச் சிறைத் தண்டனை குறைந்தது இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு வரை போகலாம். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாணத்திலோ கோயில் விழாவிலோ கொண்டாட்டமாகச் சுட்டு மற்றவர் உயிரை ஆபத்துக்குள்ளாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்க வழி செய்தது.

உரிமம் இருப்பது சுடுவதற்கான அனுமதி ஆகாது. தற்காப்பு உரிமையின் அளவை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் வரையறுக்கின்றன. ஆபத்துக்கு மிஞ்சிய பலத்தைப் பயன்படுத்தினால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்களாகத்தான் இருக்கும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் ஆயுதத்தை ஒப்படைக்குமாறு உத்தரவு வரலாம். ஒப்படைத்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பின்னாளில் விற்க நினைத்தால், உரிமம் உள்ளவருக்கே விற்க வேண்டும்; மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். உரிமதாரர் காலமாகிவிட்டால், அலமாரியில் கிடக்கட்டும் என்று குடும்பத்தார் விட்டுவிடாமல், தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். அந்த வேளையில் தேடி அலையாதபடி, உரிமத்தின் நகலையும் ரசீதையும் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்காவது இப்போதே சொல்லி வையுங்கள்.