எவ்வளவு எடுத்தே தம்பி? படகு என்ஜினுக்கு நாமே ஆயில் மாற்றுவது

முதல் தடவை நானே ஆயில் மாற்றிய அன்று, 2.8 லிட்டர் பிடிக்கும் என்ஜினுக்குள் நாலு லிட்டருக்கு மேல் நின்றது. குழாயை விட்டு உறிஞ்சினேன், கறுப்பாக வந்தது, கொஞ்ச நேரத்தில் வெறும் காற்று வந்தது. முடிந்தது என்று நினைத்துப் புது ஆயிலை முழுசாக ஊற்றிவிட்டேன். ஸ்டார்ட் செய்து லேசாக வேகம் கூட்டியதும், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் ப்ரீதர் குழாய் ஆயிலைக் கக்க ஆரம்பித்தது, பின்னால் நீலப் புகை. பதறிப்போய் அணைத்தேன். பக்கத்துப் படகில் ஒரு பெரியவர், கப்பல் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டிப் பார்த்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எவ்வளவு எடுத்தே தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு அளந்து பார்த்தால் ஒன்றரை லிட்டர்தான் வெளியே வந்திருக்கிறது. குழாயின் நுனி அடிவரை போகவே இல்லை, பாதியில் வளைந்து நின்றிருக்கிறது. அன்றிலிருந்து, வெளியே வந்ததை அளக்காமல் நான் புது கேனைத் திறப்பதில்லை.

கார் என்றால் அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றினால் ஆயில் தானாக இறங்கிவிடும். படகில் என்ஜினுக்கு அடியில் பில்ஜ்தான், அதாவது தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளம்தான் இருக்கிறது. அங்கே கை போகாது, பாத்திரம் வைக்கவும் இடமில்லை. அதனால்தான் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் துளை வழியாக மேலிருந்து உறிஞ்சி எடுக்கிறோம். என்னுடையது மூன்று சிலிண்டர் இன்போர்டு டீசல், அதாவது படகுக்குள்ளேயே இருக்கும் என்ஜின். அதை வைத்தே சொல்கிறேன். படகின் பின்புறம் வெளியே என்ஜின் மாட்டியிருக்கும் அவுட்போர்டுக்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

எப்போது மாற்றுவது? பெரும்பாலான கையேடுகள் 100 மணி நேர ஓட்டம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்கின்றன. பொழுதுபோக்குக்கு ஓட்டும் படகு வருடத்துக்கு 100 மணி நேரம் ஓடுவதே அபூர்வம், என்னுடையது ஐம்பதைத் தாண்டியதில்லை. அதனால் நமக்கு வருடக் கணக்குதான். புது என்ஜினாக இருந்தால் முதல் மாற்றம் சீக்கிரமே வரும், 20 அல்லது 50 மணி நேரத்தில். கையேட்டில் பாருங்கள். இன்னொன்று, படகை மாதக்கணக்கில் சும்மா நிறுத்தப் போகிறீர்கள் என்றால் நிறுத்துவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் எரிந்த எரிபொருளின் அமிலமும் ஈரமும் ஊறிக் கிடக்கும். அது பேரிங்குகளை நனைத்தபடி ஆறு மாதம் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. மறுபடி எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் கெடுதல் நடந்து முடிந்த பிறகு மாற்றுகிறார்கள்.

என்ன ஆயில் என்பதில் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை, கையேட்டை மட்டும்தான். என் டீசலுக்கு 15டபிள்யூ-40, ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண் அது. பெட்ரோலில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் என்றால் டப்பாவில் எஃப்சி-டபிள்யூ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் படகு உற்பத்தியாளர் சங்கமான என்.எம்.எம்.ஏ. தரும் முத்திரை அது, துருவைத் தாங்குகிறதா என்ற சோதனையும் அதில் அடக்கம். கார் ஆயில் போதாதா என்று கேட்பார்கள். கார் என்ஜின் நாளில் பாதி நேரம் சோம்பலாக ஓடும். படகு என்ஜின் ஏற்றத்தில் ஏறும் லாரி மாதிரி, ஓடுகிற நேரமெல்லாம் பாரத்தோடு ஓடும். அப்புறம் ஈரக் காற்றில் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். இரண்டுக்கும் ஒரே ஆயில் சரிப்படாது.

வேலைக்கு வேண்டியவை: கையால் அடிக்கும் வெற்றிட உறிஞ்சு பம்ப், சரியான எண்ணுள்ள ஃபில்டர், ஃபில்டரைப் பிடித்துத் திருகும் பட்டை ஸ்பேனர், புனல், டார்ச், கையுறை, நாலைந்து கெட்டியான பிளாஸ்டிக் பை, அளவுக் கோடு போட்ட காலி கேன். ஆயில் உறிஞ்சும் விரிப்புகளையும் மறக்காதீர்கள். ஒருமுறை விரிப்பு தீர்ந்துபோய்க் குழந்தை டயப்பரை வைத்துச் சமாளிக்கப் பார்த்தேன். அது பில்ஜில் இருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு ஆயிலை அப்படியே விட்டுவிட்டது. இதற்கென்று விற்கும் விரிப்பு நேர் எதிர், தண்ணீரை ஒதுக்கி ஆயிலை மட்டும் இழுக்கும்.

எதையும் கழற்றும் முன் தானியங்கி பில்ஜ் பம்ப்பை அணையுங்கள். இதை மறந்தால் நாம் சிந்தும் ஆயிலைத் தண்ணீர் என்று நினைத்து அந்தப் பம்ப் நம் கண் முன்னாலேயே வெளியே கொட்டும். அரை டம்ளர் போதும், துறை முழுக்க வானவில் படலம் பரவிவிடும். வேலை முடிந்ததும் பம்ப்பைத் திரும்பப் போட மறப்பது அதைவிட ஆபத்து, படகே மூழ்கலாம். அணைத்த கையோடு ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். பம்ப்பைப் போட்ட பிறகுதான் துணியை அவிழ்ப்பேன்.

சரி, இப்போது என்ஜினைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த ஆயில் பாகு மாதிரி கெட்டியாக இருக்கும், லேசில் நகராது, அழுக்கும் அடியிலேயே தங்கிவிடும். பத்து நிமிடம் ஓட்டினால் போதும். ஆனால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். படகு கரையில் இருந்தால் தண்ணீர்க் குழாயை இணைத்துவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர்ப் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து சுற்றினால் சீக்கிரமே கருகி உதிர்ந்துவிடும். பெட்ரோல் இன்போர்டு என்றால் ஸ்டார்ட்டுக்கு முன் நாலு நிமிடம் ப்ளோயரை, அதாவது என்ஜின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறியை ஓடவிட்டு, என்ஜின் அறையை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

அணைத்த பிறகு பேட்டரியின் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஆயில், என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்கு இறங்கட்டும். கையுறையோடு தொடும் அளவுக்குச் சூடு இருந்தால் சரி. கொதிக்கக் கொதிக்க எடுத்தால் உறிஞ்சு குழாய் இளகித் துவண்டுவிடும், கையும் வெந்துபோகும்.

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, உறிஞ்சு குழாயை அதன் பக்கத்தில் நீட்டிப் பிடியுங்கள். டிப்ஸ்டிக்கின் தலை துளையில் உட்காரும் இடத்துக்கு நேராகக் குழாயில் ஒரு டேப் சுற்றுங்கள். குழாய் அந்த டேப்பையும் தாண்டி இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், ஏனென்றால் டிப்ஸ்டிக்கின் நுனி சம்ப்பின் அடியைத் தொடுவதில்லை. டேப் துளைக்கு வெளியிலேயே நின்றால் குழாய் எங்கோ வளைந்து நிற்கிறது என்று அர்த்தம். வெளியே இழுத்து, கொஞ்சம் திருகி, மறுபடி விடுங்கள். அடியில் தட்டுவது விரலில் தெரியும். தட்டியதும் மயிரிழை மேலே தூக்குங்கள், இல்லாவிட்டால் நுனி தகட்டோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். நான் நுனியைச் சாய்வாக வெட்டி வைத்திருக்கிறேன், அதனால் ஒட்டுவதில்லை.

பம்ப்பைப் பதினைந்து இருபது தடவை அடித்தால் வெற்றிடம் உண்டாகி ஆயில் தானாக ஏற ஆரம்பிக்கும். நின்று பார்க்க வேண்டிய அவசியமில்லை, ஃபில்டர் வேலைக்குத் தயாராகலாம். கடகடவென்று காற்றுச் சத்தம் வந்ததும் முடிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். குழாயை ஒரு விரற்கடை மேலும் கீழும் நகர்த்துங்கள், லேசாகச் சுழற்றுங்கள். பெரும்பாலும் இன்னொரு கால் லிட்டர் வரும். என் என்ஜினில் இப்படி எடுத்தால் இரண்டரை லிட்டர் வருகிறது, மிச்சம் ஃபில்டருக்குள் இருக்கிறது. உங்கள் கணக்கு வேறாக இருக்கும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், அடுத்த வருடம் அதுதான் உங்கள் அளவுகோல்.

ஃபில்டர் படுக்கை வசத்தில் இருந்தால் கழற்றும்போது கட்டாயம் ஒழுகும். அடியில் விரிப்பைப் போட்டுவிட்டு, பட்டை ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் இளக்குங்கள். பிறகு பிளாஸ்டிக் பையை ஃபில்டரின் மேல் முழுசாக மாட்டி, பைக்கு வெளியிலிருந்து கையால் திருகுங்கள். ஒழுகுவதெல்லாம் பைக்குள் போகும், ஃபில்டரும் பைக்குள்ளேயே விழும். இளகாத ஃபில்டரில் ஸ்க்ரூடிரைவரை அடித்து ஏற்றித் திருப்பச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. தகடு கிழிந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல் போய்விடும்.

கழன்ற ஃபில்டரைப் பார்த்து, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் அதனோடு வந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சில சமயம் அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு கேஸ்கெட்டும் ஒன்றை ஒன்று வழுக்கி, என்ஜின் ஓடும்போது அழுத்தத்தில் பிதுங்கி, சம்ப்பில் இருப்பதெல்லாம் பில்ஜுக்குப் போய்விடும். அந்த இடத்தைத் துணியால் துடைத்து விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். புது கேஸ்கெட்டில் புது ஆயிலை ஒரு விரல் தடவி, கையாலேயே மாட்டி, தொட்ட பிறகு முக்கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும். மாட்டிய ஃபில்டரின் மேல் மார்க்கரால் தேதியையும் மணி மீட்டர் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

இப்போது ஊற்றலாம். கையேடு 2.8 லிட்டர் என்றால் நான் முதலில் 2.3 தான் ஊற்றுவேன். சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவேன். குறைவாக இருந்தால் சேர்ப்பது ஒரு நிமிட வேலை, கூடிவிட்டால் மறுபடி பம்ப்பை எடுக்க வேண்டும். கூடுதல் ஆயில் இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் அதில் அடித்து நுரைக்க வைக்கும், நுரைத்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது, அழுத்தம் சீல்களைத் தள்ளும். டீசலில் இன்னும் மோசம். ப்ரீதர் வழியாகக் காற்றுக் குழாய்க்குள் போகும் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறி பிடித்து ஓடலாம். என் கதை அந்த அளவுக்குப் போகவில்லை.

மெயின் சுவிட்சைப் போட்டு ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்த விளக்கைப் பாருங்கள். சில நொடிகளில் அணைய வேண்டும். பத்து நொடி ஆகியும் எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்துவிட்டால் சோம்பல் வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, டார்ச்சோடு குனிந்து ஃபில்டரின் அடியைப் பாருங்கள். காய்ந்த விரலால் தடவினால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும். பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் கடைசி அளவு. புது ஃபில்டர் தன் பங்கைக் குடித்திருக்கும், அதனால் மட்டம் இறங்கியிருக்கும். படகு நேராக நிற்கும்போது அளந்து பாருங்கள். நண்பர்கள் எல்லோரும் ஒரு பக்க விளிம்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். டிரெய்லரில் இருந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

எடுத்த பழைய ஆயிலை மூடி வைக்கும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். டீசல் ஆயில் கரியைப் பிடித்துச் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம், எக்ஸாஸ்ட் பக்கம் அரித்திருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது ஆயிலை ஊற்றி ஓட்டினால் அதுவும் வெளுக்கும். எரிபொருள் வாடை அடித்தாலோ, ஊற்றியதைவிட அதிகமாக வெளியே வந்தாலோ, எரியாத எரிபொருள் சம்ப்புக்கு இறங்குகிறது. இதைப் பிடிக்கவும் அளந்த எண்தான் உதவும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மினுமினுக்கிறதா? அப்படியென்றால் உள்ளே ஏதோ தேய்கிறது, மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம்.

அவுட்போர்டில் வேலை இதைவிட எளிது. நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் நிறையவற்றில் பக்கவாட்டிலேயே வடிகால் திருகு இருக்கும். என்ஜினை நேராக நிமிர்த்தி வைத்து, கழற்றி, கேனில் வடிக்கலாம். திரும்ப மாட்டும்போது திருகுக்குப் புது வாஷர் போடுங்கள், பழையது ஒருமுறை நசுங்கியது. இரண்டு ஸ்ட்ரோக் என்றால் மாற்றுவதற்கு ஆயிலே இல்லை, எரிபொருளோடு சேர்ந்து எரிந்துவிடுகிறது. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் கியர் ஆயில் தனி வேலை. அதைக் கீழ்த் திருகு வழியாக மேல் நோக்கி, மேல் துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும்.

பில்ஜில் சிந்தியிருந்தால் விரிப்பால் ஒற்றி எடுங்கள். பாத்திர சோப்பை ஊற்றாதீர்கள். சோப்பு போட்டால் படலம் கண்ணுக்கு மறையுமே தவிர, ஆயில் துளித்துளியாகத் தண்ணீருக்குள் இறங்கி மீனுக்கும் சிப்பிக்கும்தான் போய்ச் சேரும். பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, பழையது என்று எழுதி, கழிவு ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதில் பெட்ரோலோ கூலண்டோ கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். ஃபில்டரை மட்டும் அன்றே தூக்கிப் போடாமல், வாயைக் கீழே கவிழ்த்து ராத்திரி முழுக்கக் கேன் புனலில் வைத்துவிடுங்கள். காலையில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வடிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.