அத்தைக்கு வலிக்கவே இல்லை: மார்பகப் புற்றுநோய் பற்றி வகுப்பில் பேசுவது எப்படி?

என் அத்தை மார்பில் இருந்த கட்டியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கேட்டேன். "வலிக்கவே இல்லடி, வலிக்காததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? அதோட அந்த இடத்தை எப்படி வாய்விட்டுச் சொல்றது?" என்றார். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அத்தையின் இந்த இரண்டு பதில்களுக்காகவே மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில், ஒவ்வோர் ஆண்டும் இந்த வகுப்பை எடுக்கிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் நோய்களைப் பற்றிய பாடத்தில் புற்றுநோயும் வருகிறது. அதனால் தனியாக நேரம் தேட வேண்டாம். தலைமை ஆசிரியரிடமும் பெற்றோர் கூட்டத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரையும் வகுப்புக்கு அழையுங்கள். இன்னொன்றை மறக்கவே கூடாது. யார் வீட்டிலாவது இந்த நோய்க்குச் சிகிச்சை நடக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் விசாரித்து, அந்தப் பிள்ளையிடம் வகுப்புக்கு முந்தைய நாளே தனியாகப் பேசுங்கள். வகுப்பில் உட்காருவதா, நூலகத்துக்குப் போவதா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

தொடங்கியதும் 'மார்பகம்' என்று கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். சிரிப்பு வரும். அதட்டாதீர்கள். கண், நுரையீரல், சிறுநீரகம் என்று அதன் கீழே எழுதி எல்லாவற்றையும் ஒரே குரலில் சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறை படிக்கும்போது சிரிப்பு குறைந்துவிடும். அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்லப் பழகிவிட்டால், என் கணக்கில் பாதி வகுப்பு முடிந்தது.

மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு மாணவிகளுக்கு மட்டும் நடத்தும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பையன்களுக்கும் அம்மா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். அரிதாக ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறது.

அடுத்து மாவு உருண்டை. சப்பாத்தி மாவைத் தளரப் பிசைந்து மூன்று உருண்டைகள் பிடியுங்கள். ஒன்றில் புளியங்கொட்டையை அழுத்திப் புதையுங்கள், இன்னொன்றில் ஊறவைத்த பட்டாணி. மூன்றாவது வெறும் மாவு. மெல்லிய துணியால் மூடி, நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் வட்டமாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் புளியங்கொட்டையை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள், பட்டாணிக்குத்தான் நேரமாகும். "மாவுக்கு வலிச்சுதா?" என்று அப்போது கேட்பேன். வலி இல்லாத கட்டியையும் காட்டத்தான் வேண்டும் என்பது அங்கேயே புரிந்துவிடும். தடவிப் பார்த்து நாமே நோயை முடிவு செய்ய முடியாது, அது மருத்துவர் வேலை என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள்.

மற்ற அறிகுறிகளைப் போர்டில் வரைந்து காட்டினால் போதும்: ஆரஞ்சுத் தோல் போலக் குழிவிழுந்த சருமம், புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, அக்குளில் கட்டி. பயமுறுத்தும் புகைப்படங்கள் வேண்டாம். இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் மிக மிக அரிது. வளரும் பெண்களுக்கு வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மாதவிடாயை ஒட்டி மார்பு கனப்பதும் வலிப்பதும் இயல்பு. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் அன்று இரவு தூங்க மாட்டார்கள். மாதாமாதம் சோதித்துப் பார் என்று மாணவிகளுக்கு வீட்டுப்பாடம் தராதீர்கள். தன் உடலில் எது வழக்கம் என்று தெரிந்திருந்து, மாறினால் வீட்டில் சொன்னால் போதும். இந்த நோய்க்கான விழிப்புணர்வுச் சின்னமான இளஞ்சிவப்பு ரிப்பனை வரையும் போட்டியும் நான் வைப்பதில்லை, வரைந்த கையோடு பாடம் மறந்துவிடுகிறது.

அதற்குப் பதில் ஒரு கதை சொல்வேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விடாமல் போராடி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோக ஒரே ஒரு செய்தி கொடுங்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். நோய் உறுதியானால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு வழி உண்டு. செலவை நினைத்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடம் சீட்டுப் பெட்டிக்கு. பெயர் எழுதாமல் எல்லோரும் ஒரு சீட்டுப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் வெற்றுச் சீட்டாவது போட வேண்டும். அப்போதுதான் எழுதியவர் யார் என்று தெரியாது. அடிபட்டால் வருமா, ஒட்டிக்கொள்ளுமா, இறுக்கமான உள்ளாடையால் வருமா என்று கேட்பார்கள். மூன்றுக்கும் இல்லை என்பதே பதில். அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா என்ற சீட்டுக்கு நிதானமாகப் பதில் சொல்லுங்கள். பரம்பரையாக வருவது சிலருக்குத்தான், ஆனால் வளர்ந்த பிறகு மருத்துவரிடம் குடும்ப விவரத்தைச் சொல்லிவைக்க வேண்டும்.

போன வருடம் ஒரு சீட்டில், "அம்மா தனியாப் போகப் பயப்படுறாங்க, நான் கூடப் போகலாமா?" என்று இருந்தது. யார் என்று கேட்கவில்லை. போகலாம் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டு, செவிலியர் இருக்கும் கிழமையையும் நேரத்தையும் போர்டில் எழுதினேன். அந்த வாரம் முழுக்க அதை அழிக்கவில்லை.