கேண்டிடா வளர்ந்தது, சரி, தொற்று எங்கே?

மைக்ரோபயாலஜி லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் வருடா வருடம் கேண்டிடா என்ற பூஞ்சையிடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். லேபிளை மாற்றி ஒட்டுவதெல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் போய்விடும். இவை போவதில்லை.

வளர்ந்ததையெல்லாம் தொற்று என்று எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கேண்டிடா ஆல்பிகன்ஸ், நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் பலரின் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருக்கும் ஈஸ்ட். அது நோயாக மாற வேண்டுமானால் முதலில் செல்லில் ஒட்ட வேண்டும். பிறகு உருண்டை வடிவை விட்டு ஹைஃபா என்ற இழையாக நீள வேண்டும். 37 டிகிரி வெப்பமும் ரத்தச் சீரமும் அதைத் தூண்டும். இழையின் மேலுள்ள ஆல்ஸ்3 புரதம் எபிதீலியல் செல்லின் (வாய், குடல் போன்றவற்றின் மேல்பரப்பை மூடியிருக்கும் செல்) ஈ-கேடரின் என்ற புரதத்தைப் பற்றினால், செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இழை முட்டித் துளைத்து நுழையும். அப்புறம் கேண்டிடாலைசின் என்ற நச்சு செல்லின் சவ்வில் ஓட்டை போடும். இந்த நச்சு 2016-இல்தான் தெரியவந்தது.

இதில் ஒரு படியாவது நடந்ததா என்பதை பிளேட்டில் இருக்கும் வெள்ளைக் காலனி சொல்லாது.

காய்ச்சலோடு ஆன்டிபயாடிக்கில் இருந்த ஒருவரின் சளி வந்தது. பயிற்சிக்கு வந்த பையன் ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் தடவிய சளியை, மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமலே "கேண்டிடா, அதிக வளர்ச்சி" என்று ரிப்போர்ட் அனுப்பிவிட்டான். வார்டில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஏறியது; காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடுவது நின்றது. காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியில் ஸ்கேனில் கல்லீரலில் சீழ்க்கட்டி. ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன்: எங்கும் வாயிலிருந்து வரும் தட்டை எபிதீலியல் செல்கள், சீழ் செல் அங்கொன்று இங்கொன்று. வந்தது சளியே இல்லை, எச்சில்!

நல்ல சளியிலேயே கேண்டிடா வந்தாலும் அது பெரும்பாலும் குடியிருப்புதான். ஸ்மியரில் இழை தெரிந்தாலும் போதாது. நுரையீரல் தொற்று என்று உறுதியாகச் சொல்ல, திசுவுக்குள் இழை தெரிய வேண்டும்.

ரத்த கல்ச்சரில் வந்ததைக் கலப்படம் என்பது

கூடவே கூடாது. ஒரே பாட்டிலில் வந்தாலும் உடனே வார்டுக்குப் போன் செய்யுங்கள்.

இழை விடாததை லேசாக எடுப்பது

கிளாப்ராட்டா என்ற இன்னொரு கேண்டிடா இனம் ஜெர்ம் டியூப் (ஆல்பிகன்ஸை அடையாளம் காண, சீரத்தில் வைத்துப் பார்க்கும் முளை இழை) விடாது. ஆனாலும் ரத்தத்தில் தொற்றாக வரும்.

ஜெர்ம் டியூப்பை இன்குபேட்டரில் மறப்பது

3 மணி நேரம் தாண்டினால் டிராபிகாலிஸ் என்ற வேறொரு கேண்டிடா இனமும் இழை விட்டு ஏமாற்றும். இழை கிளம்பும் இடத்தில் இடுப்புபோல் சுருங்கியிருந்தால் அது ஜெர்ம் டியூப் இல்லை. காலனியை அள்ளிக் கரைக்கவும் வேண்டாம். கூட்டம் அதிகமானால் ஆல்பிகன்ஸே சரியாக இழை விடாது. லூப் கம்பியின் நுனியால் லேசாகத் தொட்டால் போதும்.