வீட்டிலேயே ஐசிங் சுகர்: நறநறப்பு இல்லாமல் பொடிப்பது எப்படி?

க்ரீம் அடிக்க எல்லாம் எடுத்து வைத்த பிறகுதான் ஐசிங் சுகர் டப்பா காலியாக இருப்பது தெரியும். கவலை வேண்டாம். சர்க்கரையும் மிக்ஸியும் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் நாமே செய்துவிடலாம். ஆனால் "சர்க்கரையை மிக்ஸியில் போட்டு அரைக்கவும்" என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கிற குறிப்பை நம்பி இறங்காதீர்கள். அப்படி அரைத்த பொடி பிஸ்கட் மேல் தூவ வேண்டுமானால் போதும். க்ரீமில் சேர்த்தால் பல்லில் நறநறவென்று கடிபடும்.

எவ்வளவு நேரம் அடித்தாலும் அந்த நறநறப்பு போகாது. அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும். ஐசிங்குக்கு நாம் 100 கிராம் சர்க்கரையில் ஊற்றுவதோ ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி. அதில் 30 கிராம் கரைந்தால் அதிகம். மீதி 70 கிராம் கரையாமல் துகளாகவேதான் நிற்கும். வெண்ணெய் க்ரீமில் தண்ணீர் இன்னும் குறைவு. ஆகவே, கரையாத துகள்கள் நாக்குக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சிறுத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. சாதாரண சர்க்கரையின் ஒரு மணி சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். அதைத்தான் மாவாக்கப் போகிறோம்.

தேவையானவை

வெள்ளைச் சர்க்கரை ஒரு கப் (200 கிராம்), கார்ன்ஃப்ளோர் ஒரு மேசைக்கரண்டி (சுமார் 8 கிராம்). இதில் ஒன்றே முக்கால் கப் வரை பொடி கிடைக்கும். எடை கூடவில்லை, காற்று சேர்ந்து உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் செய்முறையில் "ஒரு கப் ஐசிங் சுகர்" என்று இருந்தால், பொடித்த பிறகு அளக்க வேண்டும். தராசு இருந்தால் கப்பையே மறந்துவிடுங்கள். ஒரு கப் பொடி ஏறத்தாழ 115 முதல் 120 கிராம்.

கார்ன்ஃப்ளோர் என்று நான் சொல்வது விரலில் தேய்த்தால் கிறீச்சிடும் தூய வெள்ளை ஸ்டார்ச்சை. மஞ்சள் நிறத்தில் இருக்கும் மக்காச்சோள மாவு இதற்கு ஆகாது. அரிசி மாவும் வேண்டாம், அதுவே நறநறக்கும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச் இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். எனக்கு மரவள்ளிதான் பிடிக்கும், பச்சை மாவு வாசனை அதில் குறைவு.

ஜாரைத் தயார் செய்வது

கழுவின ஜாரைத் துணியால் துடைத்துவிட்டு உடனே அரைக்க வேண்டாம். பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் ஈரம் ஒளிந்திருக்கும். ஒரு சொட்டு போதும், பொடி சுவரில் பாறையாக ஒட்டிக்கொள்ள. முதல் நாள் இரவே கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவது நல்லது. மிளகாய், மல்லி அரைத்த ஜார் என்றால் ரப்பர் வளையத்தைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள், வாசனை அங்கேதான் தங்கும். அப்புறம் இரண்டு கரண்டி சர்க்கரையை முதலில் அரைத்துத் தனியே எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் வாசனையும் அதோடு போய்விடும்.

பிளாஸ்டிக் ஜார் வேண்டாம். சர்க்கரை மணிகள் உள்சுவரைக் கீறி, ஜார் நிரந்தரமாகப் பனிமூட்டம் பிடித்துவிடும். ஸ்டீல் ஜார்தான் சரி. பெரிய ஜாரும் வேண்டாம். சர்க்கரை சுவரோடு சுற்றிக்கொண்டே இருக்கும், பிளேடில் சரியாக அடிபடாது. ஃபுட் பிராசஸரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அதன் வேகம் இந்த வேலைக்குப் போதாது. என் ஓட்டு காபிக் கொட்டை அரைக்கும் சிறிய கிரைண்டருக்கு. அது இல்லையென்றால் மிக்ஸியின் சின்ன ஜார்.

அரைப்பது

ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பிளேடு முழுக்க மூழ்கவும் வேண்டும். சின்ன ஜாருக்கு அரை கப் சர்க்கரையும் அரை மேசைக்கரண்டி ஸ்டார்ச்சும் சரியாக இருக்கும். ஸ்டார்ச்சைக் கடைசியில் கலந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் முதலிலேயே சேர்த்துவிடுவேன். சர்க்கரை மணி உடையும்போது புதிதாக வெளிவரும் பரப்புதான் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். உடையும்போதே அதன் மேல் ஸ்டார்ச் படிந்துவிட்டால் கட்டி தட்டாது.

பத்து விநாடி ஓட்டுங்கள், பத்து விநாடி நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஜாரை ஒரு தட்டு தட்டினால் மேலே ஒட்டியது கீழே இறங்கும். மொத்தம் ஒரு நிமிடம் ஓட்டினால் போதும். ஒரேயடியாக ஓட்டினால் உராய்வில் ஜார் சூடாகும், சூட்டில் பொடி பிசுபிசுத்து பிளேடைச் சுற்றி அப்பிக்கொள்ளும். அப்புறம் எத்தனை நிமிடம் ஓட்டினாலும் மேலே இருக்கிற சர்க்கரை மேலேயே இருக்கும்.

அரைத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டால் உள்ளே பறக்கும் தூசி அடங்கும். திறக்கும் இடமும் எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. காற்றில் மிதக்கும் சர்க்கரைத் தூசி தீப்பிடிக்கும். 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் இந்தத் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். ஒரு ஜார் பொடியில் அப்படி நடக்காது என்றாலும், தள்ளி நின்று திறப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

சலிப்பது – இங்கேதான் எல்லாம் இருக்கிறது

நன்றாக அரைத்தும் க்ரீம் நறநறக்கிறது என்றால், பெரும்பாலும் சல்லடையைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் இந்தப் பதிவு எழுத முக்கியக் காரணமும் இதுதான்.

மிக்ஸி எல்லாச் சர்க்கரையையும் ஒரே அளவுக்கு அரைக்காது. பாதி மாவாகும்போது கொஞ்சம் ரவையாக நிற்கும், கொஞ்சம் உடையாமலே தப்பித்துவிடும். சலித்தால் கப்பி மேலே நின்றுவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் மாவு சலிக்கும் பல சல்லடைகளின் கண், சர்க்கரை மணியைவிடப் பெரியது! உடையாத சர்க்கரையும் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். நாமோ சலித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்போம்.

அதனால் முதலில் சல்லடையைச் சோதியுங்கள். அரைக்காத சர்க்கரை ஒரு கரண்டி போட்டு ஆட்டிப் பாருங்கள். ஒரு மணிகூடக் கீழே விழக் கூடாது. விழுந்தால் அந்தச் சல்லடை கட்டியை உடைக்க உதவுமே தவிர, கப்பியைப் பிரிக்காது. நெருக்கமான கண் உள்ள டீ வடிகட்டி பல சமயம் தேறிவிடும், அதையும் இதே மாதிரி சோதித்துவிட்டு எடுங்கள். அதுவும் இல்லையா, மெல்லிய பருத்தித் துணியை அகன்ற பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி வஸ்திரகாயம் செய்யலாம். நேரம் பிடிக்கும். ஆனால் கிடைக்கிற பொடி அத்தனை மென்மையாக இருக்கும். அவசரத்தில் கரண்டியை வைத்து அழுத்தித் தேய்க்காதீர்கள், கப்பியும் சேர்ந்து இறங்கிவிடும். பக்கவாட்டில் தட்டினாலே போதும்.

மேலே நிற்கும் கப்பியைத் தனியாக அரைத்தால் அரைபடாது. அளவு குறைவாக இருப்பதால் பிளேடுக்கு எட்டாது. அடுத்த அரை கப் சர்க்கரையோடு சேர்த்து அரையுங்கள். கடைசியாக மிஞ்சுகிற கப்பி கேக் மாவில் போய்விடட்டும்.

பதம் பார்க்க, பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். அதைவிட நம்பகமானது, அரை கரண்டி வெண்ணெயில் ஒரு கரண்டி பொடியைக் குழைத்து நாக்கின் நுனியில் வைத்து மேலண்ணத்தில் அழுத்துவது. அங்கே தட்டுப்படாவிட்டால் க்ரீமிலும் தட்டுப்படாது.

எடுத்து வைப்பது

முழுக்க ஆறிய பிறகு காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் போடுங்கள். சூடாக மூடினால் உள்ளேயே வியர்த்துக் கட்டியாகும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் ஈரம் படியும். கட்டி தட்டினால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், ஒரு சுற்று அரைத்துச் சலித்தால் பழையபடி ஆகிவிடும். இன்றைக்கே தீர்ந்துவிடும் என்றால் ஸ்டார்ச்சே தேவையில்லை. எலுமிச்சை ஜூஸ் போலத் தெளிவாக இருக்க வேண்டிய எதிலும் ஸ்டார்ச் கலந்த பொடி போடாதீர்கள், கலங்கிவிடும்.

பிறகு சேர்த்தது

"ஐசிங் தண்ணியாக ஓடுகிறது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். துகள் எவ்வளவு நைஸோ அவ்வளவு திரவத்தை அது பிடித்துக்கொள்ளும். வீட்டுப் பொடி ஆலைப் பொடி அளவுக்கு நைஸாக இருக்காது, எனவே குறிப்பில் சொன்ன பாலையோ தண்ணீரையோ அப்படியே ஊற்றாமல் பாதியில் தொடங்கி அரை அரைக் கரண்டியாகச் சேருங்கள்.

சர்க்கரையே ஈரமாக இருந்தால்? தட்டில் பரப்பி, 100 டிகிரிக்கு மேல் போகாத ஓவனில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள். முழுக்க ஆறின பிறகுதான் அரைக்க வேண்டும். பழுப்புச் சர்க்கரையையும் இப்படிக் காயவைத்தே அரைக்கலாம். பொடி மங்கின நிறத்தில் வரும், வெல்லப்பாகின் வாசனை லேசாக இருக்கும். ஸ்டார்ச்சை மட்டும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி, கேக்குக்கு வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போது இந்தப் பொடியைப் போடலாமா என்பது. வேண்டாம். அங்கே மணி மணியான சர்க்கரைதான் வெண்ணெயைக் கீறிக் காற்றறைகளை உண்டாக்குகிறது. பொடி போட்டால் கேக் அவ்வளவாக உப்பாது. பிஸ்கட்டுக்குத் தாராளமாகப் போடலாம், வாயில் போட்டதும் உதிரும்.