லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் தமிழ் அடிக்குறிப்புகளின் எழுத்தளவை மாற்றுவது எப்படி?

என் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளை 10 புள்ளியிலிருந்து 9 புள்ளிக்குக் குறைத்தபோது, ஆங்கில நூற்பெயர்கள் மட்டும் சிறுத்தன. தமிழ் வரிகள் அப்படியே நின்றன. காரணம் பிடிபட இரண்டு நாள்கள் ஆயின.

அடிக்குறிப்பைச் சேர்க்க உங்களுக்குத் தெரிந்திருக்கும். சேர்த்த குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து அளவை மாற்றாதீர்கள். எஃப்11 விசையை அழுத்தி, ஸ்டைல்ஸ் பலகையில் பத்திகளுக்கான ‘ஃபுட்நோட்’ பாணியின்மேல் வலச்சொடுக்கி, ‘எடிட் ஸ்டைல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கே ‘ஃபான்ட்’ தாவலில்தான் நான் தடுமாறினேன். ரைட்டர் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு கொண்ட மொழிகளுள் ஒன்றாகக் கருதி, அதற்கென எழுத்துருவையும் அளவையும் ‘சி.டி.எல்.’ என்னும் தனிப்பகுதியில் வைத்திருக்கிறது. மேற்கத்திய எழுத்துகளுக்கான பகுதியில் நாம் எதை மாற்றினாலும் அது தமிழைத் தொடுவதே இல்லை. சி.டி.எல். பகுதி உங்கள் திரையில் தென்படவில்லையென்றால், டூல்ஸ் பட்டியில் ‘ஆப்ஷன்ஸ்’ சென்று, மொழி அமைப்புகளில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ பெட்டியில் குறியிட்டுவிட்டு மீண்டும் பாணியைத் திறவுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளுக்கு இது பொருந்தாது. அவற்றை ரைட்டர் ஆங்கில எழுத்துகளாகவே காண்பதால், மேற்கத்தியப் பகுதியில்தான் மாற்ற வேண்டும்.

எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழையே பரிந்துரைப்பேன். 9 புள்ளி அளவிலும் மெய்யெழுத்துகளின் மேற்புள்ளிகளும் கொம்புகளும் தெளிவாகத் தெரிகின்றன. இருபுறமும் சீராக்குவதைத் தவிர்த்து இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள், ஏனெனில் நீண்ட தமிழ்ச் சொற்கள் அடுத்த வரிக்குத் தள்ளப்படும்போது மேல்வரியில் அசிங்கமான இடைவெளிகள் விழுகின்றன.

இதன் பிறகும் ஒரு குறிப்பு மாறவில்லையென்றால், முன்பு அதைக் கையால் மாற்றியிருப்பீர்கள். அதைத் தெரிவுசெய்து கண்ட்ரோல்+எம் அழுத்தினால் பாணிக்குத் திரும்பும். ஆனால் கையால் இட்ட சாய்வெழுத்துகளும் நீங்கிவிடும் என்பதால், நூற்பெயர்களை மறுபடி சரிபாருங்கள்.

குறிப்புகளுக்கு மேலுள்ள கோடு பக்கத்தைச் சேர்ந்தது. ஆகையால் அது ‘பேஜ் ஸ்டைல்’ உரையாடலின் ஃபுட்நோட் தாவலில் இருக்கிறது; அதன் நீளம் இயல்பாக 25 விழுக்காடு.

பின்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த வாசகர் ஒருவர், எண்ணிடலை ‘பெர் சாப்டர்’ என்று மாற்றியும் இயல்தோறும் எண்கள் 1-இலிருந்து தொடங்கவில்லை என்று எழுதியிருந்தார். இயல் தலைப்புகளை அவர் தடித்த எழுத்தில் மட்டும் அமைத்திருந்தார். அவற்றுக்கு ‘ஹெடிங் 1’ பாணியை இட்டால்தான் புதிய இயல் தொடங்குவதை ரைட்டர் அறியும்.